சோடாத் தண்ணீரில் சிவந்த கை

தாராசுரம்
3-3-1974

துரைராசுக்கு சாவித்திரி எழுதுவது.

இங்கே யாரும் நலமாக இல்லை. அங்கே எப்படி என்று விசாரிக்க எனக்கு மனமும் இல்லை.

உன் அத்தான் நேற்றுச் சாயங்காலம் ஜாமீனில் வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெரு வழியாக வராமல் வாய்க்கால் கரையோடு சுற்றிக்கொண்டு வந்தார். வந்ததும் கொல்லைக்குப் போய் வாளித் தண்ணீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "கையில என்னப்பா?" என்று சின்னவள் கேட்டாள். அவர் துண்டில் கையைத் துடைத்தார். என்னிடம், "உன் தம்பி பத்திரிகை வச்சான். நான் வாங்கினேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது சாவித்திரி" என்றார்.

என்ன பத்திரிகை? செவ்வந்தியின் மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை. உன் ஒரே மகள் பெரியவளானதற்கு அத்தை வீட்டுக்கு வைக்கிற முதல் பத்திரிகை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுக்க உனக்கு வழி தெரியவில்லை. அவர் குமாஸ்தா வேலை பார்க்கிற தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோய், மடிப்புக்குள்ளே பவுடர் பூசிய ரூபாய் நோட்டை வைத்து, வாசலில் லஞ்ச ஒழிப்புப் போலீசை நிறுத்திவிட்டு, என் புருஷன் கையில் கொடுத்திருக்கிறாய்.

உனக்கு ரத்தம் என்று ஒன்று ஓடுகிறதா துரை? விவசாயச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனால் அக்காள் புருஷன் கூட வர்க்க எதிரி ஆகிவிடுவாரோ? அவர் மேல் உனக்கு ஆத்திரம் இருந்தால் என் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தியிருக்கலாம். நானும் சேர்ந்து கத்தியிருப்பேன். இப்போது சஸ்பெண்டு ஆகி உட்கார்ந்திருக்கிறார். தெருவில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

உன் மகளுக்குத் தண்ணீர் ஊற்ற நான் வர மாட்டேன். வேறு அத்தையைத் தேடிக்கொள்.

சாவித்திரி


ஆலங்காட்டூர்
9-3-1974

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ கத்தியது போதும், இப்போது நான் கத்துகிறேன்.

அல்லா பிச்சையை உனக்குத் தெரியும். நம் வயலுக்கு அடுத்த வயல். நம்மைப் போலவே அவன் அப்பா காலத்திலிருந்து மிராசுதாரிடம் குத்தகைக்கு உழுகிறார்கள். குத்தகைதாரன் பெயரைப் பதிவு செய்தால் யாரும் வெளியேற்ற முடியாது என்று ஆட்சியில் இருக்கிறவர்கள் சட்டம் போட்டார்கள். மேடை போட்டு, கொடி கட்டிச் சொன்னார்கள். நாங்களும் கை தட்டினோம். அவன் மனு எழுதிக் கொடுத்தான். அந்த மனு யார் மேசையில் கிடந்தது என்று உன் வீட்டுக்காரரைக் கேள். "மேல குடுக்கணும் பாய், சும்மா நகராது" என்று அவனைத் திருப்பி அனுப்பியது யார் என்றும் கேள்.

அவனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. தை அறுவடைக்கு மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். வரப்பில் போலீஸ் நின்றது. அவன் நட்ட நெல்லை அவன் கண் முன்னால் அறுத்துக் களத்துக்குக் கொண்டுபோனார்கள். பதிவேட்டில் அவன் வயலுக்கு நேராக "பண்ணையின் நேரடி சாகுபடி" என்று, குத்தகைதாரனே இல்லை என்பது போல எழுதியிருந்தது. எழுத்து அத்தானுடையது. நல்ல குண்டு குண்டான எழுத்து. அல்லா பிச்சை இப்போது நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறான்.

அதற்குப் பிறகு என்னிடமே கேட்டார், அக்கா. "மாப்ள, உன்கிட்ட எனக்கு வேணாம்பா. உன் தெருவுல எல்லார்கிட்டயும் வாங்கி ஒண்ணாக் கொண்டா. இல்லேன்னா அந்த பாய்க்கு எழுதினதத்தான் உங்களுக்கும் எழுதணும்" என்றார். டீக்கடையில் எனக்கு வடை வாங்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். நான் வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

போலீசுக்கு நான்தான் போனேன். ஒளிக்க மாட்டேன். அவர்கள் அறையில் நோட்டின் மேல் ஒரு வெள்ளைப் பவுடரைத் தடவினார்கள். ஒருத்தர் அதைத் தொட்டுவிட்டு டம்ளரில் இருந்த சோடாத் தண்ணீரில் விரலை விட்டார். தண்ணீர் ரோஸ் ஆகிவிட்டது. "தொட்டா இப்படித்தான் ஆவும், தப்பிக்க முடியாது" என்று சொல்லி அனுப்பினார்கள். பணத்தைச் சட்டைப் பையில் வைத்திரு, அவர் கேட்டால் மட்டும் எடுத்துக் கொடு என்றுதான் சொன்னார்கள்.

நான்தான் பத்திரிகைக்குள் வைத்தேன். வெறும் பணத்தோடு அவர் முன்னால் என் கை நீளவில்லை. அவ்வளவுதான். அதற்கு நீ என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

துரைராசு


தாராசுரம்
20-3-1974

துரைராசுக்கு,

உனக்கு யாரோ ரோஸ் தண்ணீர் காட்டினார்களாம், நீ வாயைப் பிளந்து பார்த்தாயாம். அந்த வித்தையை நான் கல்லூரியில் வருஷா வருஷம் பெண்களுக்குச் செய்துகாட்டுகிறேன். டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். எனக்கே பாடம் எடுக்காதே.

அந்தப் பவுடருக்கு பினாப்தலீன் என்று பெயர். தனியாக அதற்கு நிறம் கிடையாது. வெறும் தண்ணீரில் நிறம் வராது. ஆப்பத்துக்குப் போடுகிற சோடாவில் கூட ஏதோ வந்தது போலத் தெரியும், அவ்வளவுதான். துணிக்குப் போடுகிற சலவைச் சோடா காரம் கூடியது. அதைக் கரைத்த தண்ணீரில் பட்டால்தான் பளிச்சென்று ரோஸ் ஆகும். உன் போலீஸ் வைத்திருந்தது அதுதான்.

ஆனால் சலவைச் சோடாவில் சிவக்கிற சாமான் இன்னொன்று ஒவ்வொரு அடுப்பங்கரையிலும் இருக்கிறது. மஞ்சள். சாம்பார் சிந்திய துணியில் சோடா பட்டால் கறை சிவப்பது உன் பெண்டாட்டி வள்ளியம்மைக்கே தெரியும். அன்று காலை அவள் குழைத்த மஞ்சளை அந்தப் பத்திரிகையின் நாலு மூலையிலும் தடவிக் கொடுத்திருக்கிறாள். ஈரம் கூடக் காயவில்லையாம். அதைக் கையில் வாங்கினவர் விரலைச் சோடாத் தண்ணீரில் விட்டால் சிவக்காமல் வேறென்ன ஆகும்?

அங்கே ஒருத்தருக்காவது மூளை இருந்திருந்தால் அந்தத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்திருப்பார்கள். பவுடர் மட்டும் என்றால் நிறம் போய் வெறும் தண்ணீராகிவிடும். மஞ்சள் என்றால் மறுபடி மஞ்சளாகவே திரும்பும். பிழியவில்லை. பாட்டிலில் ஊற்றி அரக்கு வைத்து மெட்ராசுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளானால் அந்த நிறமும் வெளுத்துவிடும்.

நேற்று வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் யாரோ ரோஸ் சாக்பீசால் ஒரு கை வரைந்து வைத்திருந்தார்கள். அதற்கு மோதிரம் கூடப் போட்டிருந்தார்கள். நானே துடைத்துவிட்டு, டைட்ரேஷன் கணக்கு நடத்தினேன். முன் பெஞ்சில் ஒருத்தி சிரித்தாள். அவளை வெளியே போகச் சொன்னேன். போனாள். வராந்தாவில் நின்றும் சிரித்தாள்.

நீ ஒன்று செய்ய வேண்டும். அவர் பத்திரிகையைத்தான் வாங்கினார், உள்ளே இருந்ததை அவர் தொட்டதை நான் பார்க்கவில்லை என்று கோர்ட்டில் சொல். அதுதானே உண்மை?

சாவித்திரி


ஆலங்காட்டூர்
2-4-1974

அக்காவுக்கு,

அது உண்மை இல்லை.

பத்திரிகையை வாங்கினார். பிரித்தார். நோட்டை விரலால் தள்ளிப் பார்த்தார். "எல்லாருதும் சேந்துதானே?" என்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து துண்டால் முகத்தைத் துடைத்தேன். அதுதான் போலீசுக்கு அடையாளம். அவர்கள் உள்ளே போனபோது பணமும் பத்திரிகையும் மேசை டிராயரில் இருந்தன. நடுவில் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். தெரிந்ததை மறைக்கவும் மாட்டேன்.

நீ மஞ்சள், எலுமிச்சை என்று எவ்வளவு வேண்டுமானாலும் பிழி. இங்கே நிலைமை என்ன என்று கேட்டுக்கொள். எங்கள் தெரு முழுக்க எல்லா வயலுக்கும் அத்தான் பிடிபடும் முன்பே "நேரடி சாகுபடி" என்று எழுதி முடித்துவிட்டார். அப்பீல் போட்டிருக்கிறோம். லஞ்சக் கேசில் தீர்ப்பு வரட்டும் என்று அதிகாரி ஃபைலைக் கட்டி வைத்துவிட்டார். அத்தான் ஜெயித்தால் அவர் எழுதியதும் ஜெயித்துவிடும். அதற்கப்புறம் நான் நாற்றங்காலில் விதை விட முடியாது. வரப்பில் நின்று யாரோ அறுப்பதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இன்னொன்று. உன் வீட்டுக்காரருக்கு வாதாட வருகிற தஞ்சாவூர் வக்கீலுக்கு ஃபீஸ் யார் கட்டுகிறார்கள்? சஸ்பெண்டு ஆன குமாஸ்தாவுக்கு அவ்வளவு பெரிய வக்கீல் எப்படிக் கிடைத்தார்? மிராசுதாரின் காரியஸ்தர் அந்த வக்கீல் வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கியதை எங்கள் சங்கத்து ஆள் பார்த்திருக்கிறான். நீ அவருக்குச் சோறு போடுகிறாய், கேட்டுப் பார்.

துரைராசு


தாராசுரம்
11-6-1974

துரைராசுக்கு,

கேட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதற்காக உன் பக்கம் நியாயம் என்று ஆகிவிடாது. தண்ணீரில் மூழ்குகிறவர் எந்தக் கையைப் பிடித்து ஏறினால் உனக்கென்ன? மூழ்கடித்தது நீ.

வக்கீல் வீட்டுக்கு வந்தார். மடிப்புக்குள் இருந்த நோட்டின் பவுடர் காகிதத்தில் ஒட்டியிருக்கும், காகிதத்தைத் தொட்டவர் கையிலும் ஒட்டும், ஆகவே கையில் பவுடர் இருந்தாலும் அவர் நோட்டைத் தொட்டார் என்று ஆகாது என்கிறார். மஞ்சள் வேறு சேர்ந்திருக்கிறது. எது எதனால் சிவந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ரசாயனம் தெரிந்த ஒருவர் அதைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்ல வேண்டுமாம். பத்திரிகைக்கு மஞ்சள் தடவுவது எங்கள் வீட்டு வழக்கம் என்றும் சொல்ல வேண்டுமாம். இரண்டையும் நான் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

ஆமாம், உனக்கு எதிராகத்தான். உன் கேசை உடைப்பது போலீசின் முட்டாள்தனம் இல்லை, நீ வைத்த பத்திரிகை. வெறும் நோட்டைக் கொடுத்திருந்தால் என்னால் ஒரு வார்த்தை பேச முடிந்திருக்காது.

வள்ளியம்மை எனக்குச் சடங்குச் சேலை அனுப்பியிருந்தாள். திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சாவித்திரி


(அஞ்சல் அட்டை)
ஆலங்காட்டூர்
19-6-1974

சேலை வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்தது செவ்வந்தி. "அத்தைக்கு என் மேல என்னப்பா கோவம்?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீயே எழுதி அனுப்பு, படித்துக் காட்டுகிறேன். கோர்ட்டில் சந்திப்போம்.

துரைராசு


தாராசுரம்
6-2-1975

துரைராசுக்கு,

இதை உட்கார்ந்து படி. வள்ளியம்மை தவிர யாருக்கும் காட்டாதே.

வரும் பதினெட்டாம் தேதி நான் கூண்டில் ஏற வேண்டும். உனக்கும் தெரிந்திருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை உன் அத்தான் பரணிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கினார். பிடிபட்ட அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டை அதில் இருந்தது. வந்த அன்றே சுருட்டி வைத்துவிட்டாராம். "இதையேதான் போட்டுக்கிட்டுக் கோர்ட்டுக்கு வருவேன். எந்தச் சட்டையோட அவமானப்பட்டேனோ அந்தச் சட்டையோட ஜெயிச்சுக் காட்டுறேன். நல்லா வெளுத்துக் கஞ்சி போட்டு வை" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாகக் கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துச் சட்டையை அமுக்கினேன். நெஞ்சுப் பையின் வாய் சிவந்தது. மஞ்சள் விரல் பட்ட இடம் என்று நினைத்தேன். ஆனால் பைக்குள்ளே, அடி வரைக்கும், வேறு நிறமாக வந்தது. கரும்பலகையில் வரைந்திருந்தார்களே, அதே ரோஸ். வாளித் தண்ணீரிலும் இறங்க ஆரம்பித்தது.

உள்ளே ஓடிப்போய் எலுமிச்சம்பழம் எடுத்துவந்து பையின் மேல் பிழிந்தேன். பையின் வாய் மஞ்சளாகத் திரும்பியது. உள்ளே நிறம் போய் வெறும் வெள்ளைத் துணியாகிவிட்டது.

உனக்குப் புரிகிறதா? பத்திரிகை அந்தப் பைக்குள் நுழையாது, அவ்வளவு பெரிய அட்டை. அதிலிருந்து பவுடர் அங்கே போக வழியில்லை. நோட்டுதான் போயிருக்கிறது. நீ வாசலுக்கு நகர்ந்ததும் நிதானமாகப் பத்திரிகையிலிருந்து எடுத்துப் பையில் வைத்திருக்கிறார். ஆள் வரும் சத்தம் கேட்டதும் எடுத்து டிராயரில் போட்டிருக்கிறார். டிராயரில் பணத்தைப் பார்த்ததும் போலீசும் சட்டையைச் சோதிக்காமல் விட்டுவிட்டது.

ஒரு வருஷமாக என்னிடம், என் பிள்ளைகளிடம், சாமி படத்துக்கு முன்னால், "நான் தொடவே இல்லை" என்று சொன்ன மனுஷர். அவருக்காக நான் புத்தகத்தைப் புரட்டி, வக்கீலுக்குச் சொல்லிக்கொடுத்து, என் தம்பி மகளின் சடங்குச் சேலையைத் திருப்பி அனுப்பினேன்.

சட்டையைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன். முதலில் இல்லை என்றார். பிறகு, "எல்லாரும் வாங்குறதுதானே? உனக்கு என்ன குறை வச்சேன்?" என்று கேட்டார். "மேல குடுக்கணும்" என்பதும் பொய்யாம். மேலே ஒருத்தருக்கும் போகவில்லை. கடைசியில், "கோர்ட்டுல மஞ்சளப் பத்தி மட்டும் சொல்லு. கேக்காததச் சொல்லாத" என்றார்.

அதைத்தான் செய்யப் போகிறேன். மஞ்சள் சோடாவில் சிவக்குமா என்று அவர் வக்கீல் கேட்பார். சிவக்கும் என்பேன். அது உண்மை. அதோடு அவர்கள் என்னை இறக்கிவிடுவார்கள். அவர் விடுதலையாகிவிடுவார், பதிவேட்டில் எழுதியதும் நிலைத்துவிடும்.

நானாக அங்கே வாயைத் திறக்க மாட்டேன். என்னால் முடியாது துரை. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. ஆனால் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். உங்கள் அரசு வக்கீல் குறுக்கு விசாரணையில் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். "அன்று அவர் போட்டிருந்த சட்டையைத் துவைத்தது யார்? துவைக்கும்போது என்ன பார்த்தீர்கள்?" மீதியை நான் சொல்வேன். சட்டை என் கல்லூரி மேசை டிராயரில் பூட்டி இருக்கிறது.

கேட்கச் சொல்வதும் சொல்லாததும் உன் பொறுப்பு. என் கழுத்தில் கத்தியை வைக்க உனக்கு மறுபடி ஒரு வாய்ப்புத் தருகிறேன். இந்த முறை பத்திரிகைக்குள் ஒளிக்காமல் வை.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அவரையும் மன்னிக்கவில்லை. இது உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சாவித்திரி


ஆலங்காட்டூர்
13-2-1975

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வள்ளியம்மைக்கு வாசித்துக் காட்டினேன். அழுதாள். "அண்ணிகிட்ட அந்தக் கேள்வியக் கேக்கச் சொல்லாதீங்க. நெலம் போனாப் போவட்டும், கூலிக்குப் போயிப் பொழச்சுக்கலாம். புருஷன ஜெயிலுக்கு அனுப்பிட்டு அவங்க எந்த வீட்டுக்குப் போவாங்க?" என்றாள். என்னோடு அவள் இப்போது பேசுவதில்லை. நீயும் பேச மாட்டாய்.

உன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நீயே கூண்டில் சொல்லியிருந்தால் சொல்லிவிட்டாள் என்று இருந்திருப்பேன். சொல்லாமல் விட்டிருந்தாலும் திட்டிவிட்டு விட்டிருப்பேன். இரண்டையும் செய்யாமல் கேள்வியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டாய். இதைவிட நீ என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

என் வயல் மட்டும் என்றால் உன் கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பேன். சத்தியமாகப் போட்டிருப்பேன். நேற்றுக் காலையில் அல்லா பிச்சை நாகப்பட்டினத்திலிருந்து வந்தான். ஐஸ் பெட்டி விழுந்து காலில் கட்டுப் போட்டிருக்கிறது. "கேசு என்ன ஆவும் துரை, திரும்ப ஊருக்கு வரலாமா?" என்று கேட்டான்.

இன்று தஞ்சாவூருக்குப் போய் அரசு வக்கீலைப் பார்த்தேன். நீ எழுதிய வார்த்தைகளிலேயே கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இது உங்க சொந்த அக்காதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

பதினெட்டாம் தேதி கேட்பார். நான் உள்ளேதான் இருப்பேன், ஓடி ஒளிய மாட்டேன். பதில் சொல்லும்போது என் பக்கம் பார்க்காதே, அக்கா.

துரைராசு